நடராஜரைக் கிலோக் கணக்கில் விற்காதீர்கள்

சுவாமிமலையில் தனியாகப் பட்டறை போடும் ஸ்தபதிக்குப் பிள்ளையாரும் முருகரும் பாவை விளக்கும் மாதச் செலவைத் தாங்கும். பெயர் வாங்கித் தருவது நடராஜர்தான். வாசலில் வந்து நிற்பவர் முதலில் கேட்பதும் அவரைத்தான். முகம் எப்படி இருக்கிறது, சடை எப்படி விரிகிறது, சுவாமியைச் சுற்றி நிற்கும் நெருப்பு வளையமான திருவாசியின் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்து, விவரம் தெரிந்தவர்கள் எந்தப் பட்டறை வேலை என்று சொல்லிவிடுவார்கள். கையெழுத்து போடத் தேவையில்லை.

பெயர் வாங்கித் தரும் அதே சிலைதான் பல சிறு பட்டறைகளைக் கடனிலும் தள்ளுகிறது. காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். நடராஜரில் எடை ஓரிடத்தில் இருக்கிறது, வேலை வேறிடத்தில் இருக்கிறது. பீடம், தொடை, மார்பு, காலடியில் மிதிபடும் முயலகன் இவற்றில் உலோகம் கனக்கும். திருவாசியிலும் விரிசடையிலும் உத்தரீயத்திலும் நாள் கரையும். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொன்னால் கனமான பகுதிக்குக் கூலி கிடைக்கும், நாள் தின்ற பகுதிக்குக் கிடைக்காது. பிள்ளையாருக்குச் சரியாக வரும் கணக்கு நடராஜருக்குச் சரிவராது.

திருவாசியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 29 சுடர், ஒவ்வொன்றிலும் 5 நாக்கு என்றால் 145 நாக்கு. வார்ப்பிலிருந்து வந்த கரடை எடுக்க ஒரு நாக்குக்கு முன், பின், இடைவெளி எல்லாம் சேர்த்து 6 நிமிடம் வைத்தால் 870 நிமிடம், அதாவது பதினாலரை மணி நேரம். இது பெரிய அரத்தில் ராவும் முதல் சுற்று மட்டும். பிறகு சின்ன அரம், அதற்குப் பிறகு உப்புத்தாள். மூன்று சுற்றுக்கும் அதே நேரம் பிடித்தால் 43 மணிக்கு மேல். ஒரு ஆளுக்கு ஐந்தரை நாள் திருவாசியின் சுடரிலேயே போய்விடும். இரண்டடி நடராஜரில் அந்தத் திருவாசி மொத்த எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

இரண்டடி என்று சொன்னேன். எதிலிருந்து எதுவரை இரண்டடி? ஆர்டர் எடுக்கும்போதே தகராறுக்கு வித்து இங்கேதான் விழுகிறது. ஸ்தபதிக்கு உயரம் என்றால் சுவாமியின் உயரம், பாதத்திலிருந்து உச்சி வரை. வாங்குபவருக்கு உயரம் என்றால் பீடத்தின் அடியிலிருந்து திருவாசியின் உச்சிச் சுடர் வரை, ஏனென்றால் அவர் வீட்டு மாடத்தை அளந்துவிட்டு வந்திருக்கிறார். மொத்தம் 24 அங்குலம் இருக்கும் நடராஜரில் சுவாமி மட்டும் 16, 17 அங்குலம்தான் வருவார். சுவாமியே 24 அங்குலம் என்றால் அது வேறு சிலை, வேறு எடை, வேறு விலை. ஆகவே ஆர்டர் சீட்டில் பீட உயரம், சுவாமி உயரம், மொத்த உயரம் என்று மூன்றையும் எழுதி, திருவாசியின் அகலத்தையும் சேர்த்து, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

உயரம் கொஞ்சம் கூடினால் எடை எவ்வளவு கூடும் என்பதையும் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், உயரம் இரண்டு மடங்காகும்போது எடை எட்டு மடங்காகும். ஓரடிச் சிலை 6 கிலோ என்றால் இரண்டடி 48 கிலோ. நடைமுறையில் அவ்வளவு போகாது. ஓரடியில் திருவாசி வளையத்தை ஒரு அளவுக்கு மேல் மெல்லியதாக்க முடியாது, பெரிய சிலையில் பீடத்தின் அடியை நன்றாகக் குடைந்துவிடலாம். அதனால் பெரியது கணக்கைவிடக் குறைவாகவே வரும். ஆனால் 12 அங்குலம் கேட்டவர் பேச்சுவாக்கில் "15-ஆகவே செய்துவிடுங்களேன்" என்றால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதை அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும்.

எந்த நடராஜர் என்பது அடுத்த கேள்வி. சிதம்பரம் மாதிரி, கோனேரிராஜபுரம் மாதிரி, திருவாலங்காடு மாதிரி என்று கேட்டு வருவார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜருக்கு இன்று திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. அதை இருக்கிறபடியே செய்து கேட்பவருக்கு நாள் கணக்கு பாதியாகக் குறையும். சடையும் திருவாசியும் இருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி வேண்டும் என்பவருக்குக் குறையாது. இரண்டுக்கும் ஒரே விலை சொல்லும் பட்டறைகள் இருப்பதுதான் வருத்தம்.

மெழுகில் தொடங்கும் செலவு

மெழுகில் உரு செய்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு வடிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் இங்கே வேலை. தென்னை ஓலையைச் சுவாமியின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாள அளவு, அதாவது உறுப்புகளின் விகித அளவு, எடுப்பது இங்கே வழிவழியாக வருவது. நடராஜருக்கு உத்தம தசதாளம், உயரம் 124 பங்கு. உச்சியிலிருந்து நூல் விட்டால் அது ஊன்றிய வலது பாதத்தின் மேல் வந்து இறங்க வேண்டும். மெழுகில் ஒரு நூல் விலகினாலும் வார்த்த பிறகு சுவாமி ஆடுகிற மாதிரி இருக்காது, சாய்கிற மாதிரி இருக்கும். அரத்தாலோ உளியாலோ அதைத் திருத்த முடியாது.

உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் மெழுகை ஒன்றரை சதவீதம் கூட்டிச் செய்ய வேண்டும். 24 அங்குலத்துக்கு அது கால் அங்குலத்துக்கு மேல். ராவுவதில் போவதையும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே விடலாம்.

தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் இதுதான் கலவை. குங்கிலியம் விறைப்பைத் தரும், எண்ணெய் இளக்கத்தைத் தரும். மெழுகும் குங்கிலியமும் ஏறத்தாழச் சமமாகப் போட்டு, பருவத்துக்குத் தக்கபடி எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிறார்கள். உடம்புக்கும் சடைக்கும் ஒரே பதம் உதவாது. உடம்பு விறைப்பாக இருக்கலாம். சடைக்கும் உத்தரீயத்துக்கும் உருட்டி இழுக்கும் மெழுகு இளக்கமாக இல்லாவிட்டால் வளைக்கும்போதே மயிரிழையாய் விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் மண் புகுந்தால் வார்ப்பில் சடை அந்த இடத்தில் துண்டாகிவிடும். சித்திரை, வைகாசியில் மெழுகு வேலையை அதிகாலையில் முடித்துக்கொள்வதும், செய்த உறுப்புகளைத் தண்ணீரில் போட்டு வைப்பதும் இதனால்தான். ஒற்றைக் காலில் நிற்கும் மெழுகு உரு மதிய வெயில் நேரத்தில் கணுக்காலில் இளகி, கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் சாயும். நிறுத்தி வைக்காமல் துணி மடித்துப் போட்டு மல்லாக்கக் கிடத்துவது நல்லது.

தலை, உடல், கை, கால் எல்லாவற்றையும் தனித்தனியே செய்து, காய்ச்சிய கம்பியால் இளக்கி ஒட்டுகிறார்கள். நடராஜரில் கவனிக்க வேண்டியது உடம்பின் குறுக்கே வரும் வீசிய கரமும் தூக்கிய திருவடியும். இரண்டும் ஒரு முனையில் மட்டும் பிடித்து, காற்றில் நீள்பவை. கைக்கும் மார்புக்கும் இடையே, பாதத்துக்கும் பீடத்துக்கும் இடையே மெழுகுக் குச்சி கொடுத்துப் பிணைக்க வேண்டும். மண் பூசும்போது அவை வளையாமல் காக்கும். ஊற்றும்போது உலோகம் விரல் நுனிவரை ஓட இரண்டாவது வழியாகவும் ஆகும். வார்த்த பிறகு வெட்டி எடுத்து ராவிவிடலாம். இந்தக் குச்சிகளைக் குறைத்தால் ராவும் வேலை குறையும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. குச்சி ராவ ஒரு மணி நேரம். விரல் ஓடாமல் போனால் முழுச் சிலையும் போச்சு.

திருவாசியைத் தனியாக வார்ப்பதே சிறு பட்டறைக்கு நல்லது. சடை நுனி வளையத்தைத் தொட்டு ஒரே வார்ப்பாக வருவது அழகு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு சுடர் ஓடாததற்காகச் சுவாமியையும் சேர்த்து உருக்கும் நிலை வரக்கூடாது. தனியாக வார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. வளையத்தின் இரண்டு கால்களும் மெழுகிலும் விரியும், உலோகம் ஆறும்போதும் விலகும் அல்லது நெருங்கும். பிறகு பீடத்தில் உள்ள குழியில் உட்காராது. இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு தடித்த மெழுகுச் சட்டம் கொடுத்து அதோடு சேர்த்தே வார்த்து, ராவி முடித்துப் பீடத்தில் பொருத்திப் பார்க்கும் அன்றுதான் அந்தச் சட்டத்தை அறுக்க வேண்டும். மண் பூசிக் காயும் வரை திருவாசியைத் தட்டையான பலகையில் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தினால் தன் எடையிலேயே முட்டை வடிவமாகிவிடும்.

மண்ணும் நெருப்பும்

இந்தத் தொழில் சுவாமிமலையில் நிலைத்ததற்குக் காவிரி வண்டல்தான் காரணம் என்பார்கள். முதல் பூச்சு அந்த வண்டலை உமிக்கரியோடு சேர்த்து வெண்ணெய் போல அரைத்தது. கனம் மூன்று மில்லிமீட்டர் போதும். சடைப் புரிகளுக்கு நடுவிலும் சுடர் நாக்குகளின் இடுக்கிலும் தூரிகையால் தொட்டுத் தொட்டு ஏற்ற வேண்டும். மெழுகுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் உலோகம் குண்டுமணி போல உருண்டு நிற்கும். முகத்தில் ஒரு குண்டுமணி வந்தால் அதை உளியால் எடுத்து, சுற்றிலும் கன்னத்தைச் சமன் செய்வதற்குள் ஒரு நாள் போய்விடும். திருவாசியில் நூறு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். ராவுகிறவரின் கூலியைக் குறைக்க விரும்புகிறவர் முதல் பூச்சுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பட்டறையில் இதைவிட லாபமான ஒரு நாள் கிடையாது.

அதன்மேல் வயல் மண்ணும் மணலும், அதற்கும் மேல் பருமணல் கலந்த மண், பெரிய உருவுக்கு இரும்புக் கம்பிக் கட்டு. எல்லாப் பூச்சும் நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு வழியே உலோகம் கசிந்து மெல்லிய தகடாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் வைத்தாலும் உள்மண் காயாது. ஈரம் நின்ற மண்ணில் உருகிய உலோகத்தை ஊற்றினால் நீராவி திமிறி உலோகத்தைத் திருப்பி அடிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு உயிராபத்து. ஆகவே நடராஜரை நம்பி நடக்கும் பட்டறைக்கு வருடமே இப்படித்தான் அமைகிறது: மழைக்காலத்தில் மெழுகு வேலையும் ராவும் வேலையும், தை பிறந்ததும் மண்ணும் வார்ப்பும். ஐப்பசியில் ஆர்டர் கொடுத்துவிட்டு மார்கழித் திருவாதிரைக்கு வேண்டும் என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்லப் பழக வேண்டும். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிலை வேண்டுமென்றால் சித்திரைக்குள் பேசியிருக்க வேண்டும்.

எத்தனை உலோகம் வேண்டும் என்பதை மெழுகின் எடைதான் சொல்லும். மண் பூசும் முன் மெழுகை நிறுத்து எழுதி வைக்காமல் விட்டால் பிறகு கண்டுபிடிக்கவே வழியில்லை. இந்த மெழுகுக் கலவை ஏறத்தாழத் தண்ணீரின் அடர்த்தி. செம்பு மிகுந்த கலவை அதைப்போல எட்டரை மடங்கு கனம். இரண்டடி நடராஜருக்குப் பீடம் 0.9, சுவாமி 2.3, திருவாசி 0.6 என்று மொத்தம் 3.8 கிலோ மெழுகு வந்தால், எட்டரையால் பெருக்க 32.3 கிலோ. ஊற்றும் வாய்க்கும் ஓடும் வழிகளுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 37 கிலோ. உருக்கும்போது கசடாகப் போவதற்கு ஒரு கிலோ. ஆக 38 கிலோ உருக்க வேண்டும். செம்பு 83, பித்தளை 14, ஈயம் 3 என்ற விகிதத்தில் கலந்தால் செம்பு 31.5 கிலோ, பித்தளை 5.3 கிலோ, ஈயம் 1.1 கிலோ. விகிதம் பட்டறைக்குப் பட்டறை சற்று மாறும். பஞ்சலோகம் என்பதற்கான வெள்ளியும் தங்கமும் வாங்குபவரின் வசதிக்கேற்பச் சேரும்.

போடும் வரிசை முக்கியம். செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பித்தளையை முதலில் போட்டுச் செம்பு உருகக் காத்திருந்தால் துத்தநாகம் வெண்புகையாகப் போய்விடும். அந்தப் புகையை முகர்ந்தவருக்கு இரவில் குளிர் காய்ச்சல் வரும். செம்பு நன்றாக உருகிய பிறகு பித்தளை, கடைசியில் ஈயம். ஈயம் செம்போடு கரையாமல் அடியில் தங்கும் குணமுள்ளது, ஊற்றும் முன் கட்டாயம் கலக்க வேண்டும். ஈயப் புகை உடலில் சேரும் நஞ்சு. உலைக்கூடத்துக்கு நல்ல காற்றோட்டமும் முகத்துக்குச் சரியான கவசமும் வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. உலோகம் உருக்கும் கலமான மூசையின் மேல் எழும் சுடரில் பச்சை தெரிவதைப் பார்த்துப் பதம் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண் எல்லோருக்கும் வாய்க்காது. புதிதாகப் பட்டறை போடுகிறவர் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஒரு வார்ப்புப் பழுதாவதைத் தடுத்தாலே அதன் விலை திரும்பிவிடும்.

கோயிலுக்கு வார்க்கும் நாளில் உபயதாரர் குடும்பத்தோடு வந்து தங்கம், வெள்ளியை மூசையில் போடுவார்கள். பார்க்கவே மனம் நெகிழும் நேரம் அது. ஆனால் கூட்டத்தில் யாராவது பக்தியில் சில்லறைக் காசையும் போட்டுவிடுவார்கள். இப்போதைய காசுகளில் பல துருப்பிடிக்காத எஃகு. அது இந்தச் சூட்டில் உருகாது, கசடோடு மிதக்கும். அலுமினியம் கலந்த பொருள் விழுந்தால் உலோகத்தின் மேல் தோல் கட்டி ஓட்டத்தைக் கெடுக்கும். கல் பதித்த நகையும் வேண்டாம். தங்கத்தையும் வெள்ளியையும் மெல்லிய தகடாக மட்டும் கொண்டுவரச் சொல்லி முதல் நாளே தெரிவித்துவிட்டால், அந்த நேரத்தில் யாரையும் தடுத்து மனம் நோகச் செய்ய வேண்டியதில்லை.

மெழுகு உருவின் மேல் மண் பூசிக் காய்ந்த அச்சுதான் மண் கட்டு. அதை வரட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை வடிக்கிறார்கள். வடிந்த மெழுகின் எடையைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டதென்று நம்ப முடியாது, கொஞ்சம் மண்ணே குடித்திருக்கும். புகை அடங்கி, வாய்க்குள் பார்த்தால் உள்ளே செக்கச் சிவப்பாகத் தெரியும் வரை சுட வேண்டும். மிச்ச மெழுகு எரிந்து வாயுவானால் தோலெல்லாம் ஊசித் துளையாக வரும். மண் கட்டின் சூடு குறைந்துவிட்டால் சடை நுனியும் சுடர் நாக்கும் ஓடாது. மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள சடைக்குள் உலோகம் நுழைந்ததும் உறைந்துவிடும். அதனால் சடைப் புரி ஒவ்வொன்றின் கோடியிலும் காற்றுத் துளைக்கு மெழுகுக் குச்சி வைக்க வேண்டும், முதுகில் ஓடும் பெருவழியிலிருந்து இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் முயலகனுக்கும் கிளை கொடுக்க வேண்டும். ஊற்றும் தாரை நடுவில் அறுபடவே கூடாது. காற்றுத் துளைகளில் உலோகம் எட்டிப் பார்த்தால் நிம்மதி. தொடையும் பீடமும் கனமானவை, கடைசியில் உறைபவை. அவை சுருங்கும்போது இழுத்துக்கொள்ள மேலே போதிய உலோகம் நிற்காவிட்டால் தொடையில் குழி விழும்.

பெரிய மண் கட்டை அவசரப்பட்டு உடைக்கக் கூடாது. தானாகக் கைச்சூட்டுக்கு வர விட வேண்டும்.

கூலியும் விலையும்

வார்ப்பு முடிந்ததும் பாதி தூரம் வந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டடி நடராஜருக்கு மெழுகில் 25 நாள் ஆகியிருந்தால் ராவவும் செதுக்கவும் அதைப்போல இரண்டு மடங்கு ஆள்நாள் வைத்துக்கொள்ள வேண்டும். மெழுகு வேலை தெரிந்த ஒருவருக்கு ராவும் ஆள் இருவர் என்று பட்டறையை அமைக்காவிட்டால், வார்த்த உருக்கள் சீவப்படாமல் மூலையில் சேரும். ஒவ்வொன்றிலும் முப்பது கிலோ செம்பு முடங்கியிருக்கும். சிறு பட்டறைகள் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் உலைக்களத்தில் இல்லை, அந்த மூலையில்தான்.

பழுதுக்கும் விலையில் இடம் வேண்டும். பன்னிரண்டு வார்ப்பில் ஒன்று தவறும் என்றால், போன அந்த 25 நாள் மெழுகு வேலையை மற்ற பதினொன்றும் சுமக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டேகால் நாள். உலோகத்தைத் திரும்ப உருக்கலாம். நாளை உருக்க முடியாது. காட்சிக்கு வைக்கும் சிலையில் சிறு துளை விழுந்தால் அதே உலோகத்தில் ஆணி செய்து அடைத்து ராவிவிடலாம், வாங்குபவரிடம் சொல்லிவிட்டு. பூஜைக்குப் போகும் உருவில் அப்படி ஒட்டுப்போடுவது கிடையாது, மறுவார்ப்புதான். அதனால் கோயில் வேலைக்கு இந்தப் பழுதுப் பங்கு இரட்டிப்பாக இருக்க வேண்டும். கோயில் காரியம் என்று குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு திணறும் நல்ல மனிதர்களைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கிறது.

ஆக விலையை மூன்றாகப் பிரித்து எழுதுவதே சரி: அன்றைய செம்பு விலையில் உலோகம் ஒன்று; மெழுகு, மண், எரிபொருள், பழுதுப் பங்கு எல்லாம் சேர்த்து இரண்டு; ஆள்நாள் கூலி மூன்று. செம்பு விலை நாளுக்கு நாள் மாறுவதால் விலைச் சீட்டுக்கு ஒரு வாரக் கெடு போட்டு, முன்பணம் வந்த அன்றே செம்பை வாங்கிவிட வேண்டும். முன்பணம் உலோகச் செலவையாவது மூட வேண்டும். இரண்டாவது தவணையை மெழுகு உருவைக் காட்டி ஒப்புதல் பெறும் நாளில் வாங்கலாம். முகம், சடை, சுடர் எண்ணிக்கை எல்லாவற்றையும் அன்றே பார்த்துச் சொல்லிவிட வேண்டும், மண் ஏறிய பிறகு மாற்றமில்லை என்பதையும் சீட்டில் எழுதலாம்.

ஓரடிக்குக் குறைந்த நடராஜரைக் கையால் மெழுகு பிடித்து விற்றுக் கட்டுப்படியாவது கடினம். ஒரு மூல உருவிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து மெழுகை நகலெடுப்பது பரவலாகிவிட்டது, அதில் தவறும் இல்லை. தவறு எப்போது வருகிறது என்றால் அதைக் கையால் பிடித்த மெழுகு என்று சொல்லி விற்கும்போது. மணல் அச்சில் வார்த்த பித்தளை நடராஜர் வட இந்தியாவிலிருந்து லாரி லாரியாக வருகிறது. அதோடு விலையில் போட்டியிட சுவாமிமலைப் பட்டறையால் முடியாது, முயலவும் கூடாது. 2008-09-இல் சுவாமிமலை உலோகத் திருமேனிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வெறும் முத்திரையாக ஒட்டுவதைவிட, மெழுகு உரு, மண் பூச்சு, வார்ப்பு, ராவல் என நான்கு கட்டத்திலும் அந்தச் சிலையையே படம் எடுத்து வாங்குபவருக்குக் கொடுத்தால் வித்தியாசம் தானாக விளங்கும்.

2004 ஜூன் 18 அன்று ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் இந்திய அரசு அளித்த 2 மீட்டர் நடராஜர் திறக்கப்பட்டார். 2023-இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி, 18 டன் நடராஜரை சுவாமிமலை ராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் குழுவினரும் ஏழு மாதத்தில் முடித்தார்கள். இப்படிப்பட்ட பெரிய வேலையைப் பார்த்துவிட்டுச் சிறு பட்டறைக்கு ஆறடி ஆர்டரோடு ஒருவர் வந்தால் சந்தோஷத்தில் உடனே ஒப்புக்கொள்ளத் தோன்றும். அத்தனை மூசைகளை ஒரே நேரத்தில் பதமாக்கி நிறுத்தாமல் ஊற்ற ஆள் இருக்கிறார்களா, அந்த எடையைப் புரட்ட சங்கிலிக் கப்பி தாங்குமா, வாசல் வழியே வெளியே போகுமா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணத்தைத் தொட வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போகும் சிலைக்கு இன்னொரு படி உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. புதுச் சிலையானாலும் பார்வைக்குப் பழையது போல இருப்பதால், இது பழம்பொருள் அன்று என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறுவது பாதுகாப்பு. இல்லாவிட்டால் சுங்கத்தில் நிற்கும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. மருந்து போட்டுக் களிம்பேறிய பழைய தோற்றம் கொடுத்த நடராஜருக்குத்தான் வெளியே விலை அதிகம், அதற்குத்தான் சான்று வாங்கும்போது கேள்வியும் அதிகம். பீடத்தின் அடியில், குடைந்த உட்புறத்தில், வார்த்த வருடத்தையும் பட்டறை முத்திரையையும் மெழுகிலேயே பதித்துவிட்டால் வேலை எளிது. அளவு, எடை, நாலு பக்கப் படம், ரசீது இவற்றோடு மேலே சொன்ன வேலைக் கட்டப் படங்களும் இருந்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் எழாது.

அனுப்பும்போது திருவாசியைக் கழற்றித் தனிப் பலகையில் கட்ட வேண்டும். சுவாமியைப் பெட்டிக்குள் பீடத்தோடு அடியில் முடுக்கி, இடுப்பிலும் பீடத்திலும் மட்டும் மரக்கட்டை முட்டுக் கொடுக்கலாம். தூக்கிய திருவடிக்கும் வீசிய கைவிரலுக்கும் சடைக்கும் எதுவும் முட்டக் கூடாது. அங்கே பஞ்சு திணித்தால்கூட வழிக் குலுக்கலில் அழுத்தம் அங்கேதான் போய்ச் சேரும். திருவாசிக் கால்களைப் பூட்டும் இரண்டு ஆணிகளோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து, ஒரு சின்ன துணிப்பையில் போட்டு, பீடத்தின் குடைவுக்குள் கட்டிவிட வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் இடத்தில் ஒன்று எப்படியும் தொலையும்.